டபுள் கேப் பிக்கப்: எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இழுக்கலாம்?

சிப்புட் இளவட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். லாசா போகும் வழியில் அப்பா பெயரில் ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. பழம் ஏற்ற இதுவரை வாடகை லோரிதான். அவர் வரும் நாள் தள்ளிக்கொண்டே போகும், வெட்டிப் போட்ட குலை ரோட்டோரம் காயும், பழம் வாங்கும் ரேம்ப்பில் எடை குறையும். இந்தத் தொல்லை வேண்டாம், சொந்தமாக ஒரு டபுள் கேப் (நாலு கதவு பிக்கப்) எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. வார நாளில் பழம், ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு ஈப்போ.

கடையில் விற்கிறவர் "ஒரு டன் பிக்கப் பாஸ், கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம்" என்கிறார். இணையத்தில் ஆஸ்திரேலியக்காரர்கள் அதே ரக வண்டியில் 3,500 கிலோ இழுக்கலாம் என்று எழுதுகிறார்கள். என் சித்தப்பா மகன் கணக்குப் போட்டுவிட்டான்: பின்னால் ஒரு டன், அதற்குப் பின்னால் டிரெய்லரில் மூன்றரை டன், ஆக ஒரே நடையில் நாலரை டன்! எங்களுக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை டன் அளவில்தான் பழம் வரும். அப்படியென்றால் கவலையே இல்லை அல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

தம்பி, இவ்வளவு யோசனை எதுக்கு? எண்பதுகளில் நான் சிங்கிள் கேப்பில் இரண்டு டன் பழம் ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போனவன். வண்டிக்கும் ஒன்னும் ஆகல, எனக்கும் ஒன்னும் ஆகல. பின்னால் ரெண்டு இலை ஸ்பிரிங் சேர்த்துப் போடு, காற்றை இறுக்கி அடி, வேலை முடிஞ்சது. இப்போ உள்ள எஞ்சின் எல்லாம் அந்தக் காலத்து லோரியைவிட பவர்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

அண்ணன் அனுபவஸ்தர், மரியாதையோடு மறுக்கிறேன். எஞ்சின் பவருக்கும் சுமை வரம்புக்கும் நேரடி உறவு கிடையாது. எஞ்சின் இழுத்துவிடும். தாங்குவதும் நிறுத்துவதும் வேறு உறுப்புகளின் வேலை.

இளவட்டம் தம்பிக்கு: முதலில் "ஒரு டன்" என்பதை மறந்துவிடுங்கள். அது இந்த ரக வண்டிக்கு வழிவழியாக வந்த பெயர். உங்கள் வண்டிக்கான எண் உங்கள் வண்டியிலேயே தட்டில் அடித்திருக்கும். கதவைத் திறந்தால் தெரியும் தூணில் இருக்கும், சில வண்டிகளில் எஞ்சின் அறையில் இருக்கும், கையேட்டிலும் போட்டிருப்பார்கள். அதில் வண்டியின் மொத்த எடை வரம்பு என்று ஓர் எண் இருக்கும். வண்டி, எண்ணெய், ஓட்டுநர், பக்கத்தில் உட்காருபவர், பின்னால் உள்ள சரக்கு, நீங்கள் மாட்டிய இரும்பு பம்பர், மேல் கூடு எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. வாணிக லோரிக் கதவில் சுமையோடு எவ்வளவு, வெறுமையாக எவ்வளவு என்று இரண்டு எடை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான். மொத்த வரம்பில் வெறும் எடையைக் கழித்தால் மிச்சம் இருப்பது உங்கள் பங்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பெயர், ஒரே எஞ்சின் என்றாலும் விலை ஏற ஏற ஏற்றும் அளவு பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும். நாலு கதவு, தோல் இருக்கை, நாலு சக்கர இயக்கம், பெரிய ரிம் எல்லாமே எடை. மலிவான சிங்கிள் கேப்தான் அதிகம் சுமக்கும். விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் அந்த ஏழை வண்டியுடையது. படத்தில் காட்டுவதோ உச்ச விலை வண்டியை.

சிப்புட் இளவட்டம் எழுதியது:

நன்றி சார். அப்படியென்றால் வண்டியின் வெறும் எடையை எப்படித் தெரிந்துகொள்வது? கையேட்டில் உள்ளதை நம்பலாமா? நான் பார்த்து வைத்திருப்பது பழைய வண்டி. முதல் உரிமையாளர் பின்னால் பிளாஸ்டிக் தொட்டி, மூடி, முன்னால் புல் பார் எல்லாம் போட்டிருக்கிறார்.

ரேம்ப் கிராணி எழுதியது:

தம்பி, நான் பழம் வாங்கும் ரேம்ப்பில் திம்பாங் (வண்டி எடை மேடை) அறையில் வேலை பார்க்கிறேன். உனக்கு வேண்டிய எண்ணை நாங்கள் தினமும் அச்சடித்துத் தருகிறோம், யாரும் படிப்பதில்லை.

பழத்தோடு வண்டி ஏறும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பி ஏறும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்தால் நிகரம். சீட்டில் மூன்றும் இருக்கும். எல்லார் கண்ணும் நிகரத்தில் போய் நிற்கும், காசு அதில்தானே வருகிறது. முதல் வரியைப் பார்க்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வாரம் வந்த ஒரு டபுள் கேப் சீட்டைச் சொல்கிறேன், வண்டி யாருடையது என்பது வேண்டாம். மொத்தம் 3,640 கிலோ, வெறும் வண்டி 2,190, நிகரம் 1,450. ஆள் இறங்காமல்தான் இரண்டு முறையும் எடை போட்டோம், அதனால் அந்த 2,190 ஓட்டுநரும் சேர்ந்தது. அந்த வண்டியின் தட்டில் மொத்த வரம்பு 3,050. எப்படித் தெரியும் என்றால், கதவு திறந்திருந்தது, நான் எட்டிப் பார்த்தேன். ஆக 590 கிலோ கூடுதல். சட்டப்படி அவர் ஏற்றக்கூடியது 860. கூட ஓர் ஆள் உட்கார்ந்தால் 790. இருபது கிலோ குலை என்று வைத்தால் 39 குலை. பிக்கப்பில் 39 குலை போட்டுப் பார், பாதி காலி போலத்தான் தெரியும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இடம் இருக்கிறதே என்று இன்னும் போடுகிறார்கள். இளம் மரத்துக் குலை என்றால் எண்ணிக்கை கூடும், எடை அதேதான்.

நீ வாங்கப் போகும் வண்டியை முழு டாங்க் எண்ணெயோடு ஒரு தரம் திம்பாங்கில் ஏற்று. தெரிந்த ரேம்ப் என்றால் காசுகூட கேட்க மாட்டார்கள். கையேட்டு எண் தொழிற்சாலையில் இருந்து வந்த நாளுக்கானது. புல் பாரும் மூடியும் அதில் கிடையாது.

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

மேற்கோள்: "சட்டப்படி அவர் ஏற்றக்கூடியது 860."

அம்மா, நீங்க சொல்ற கணக்குப்படி பார்த்தா இந்தப் பக்கம் பழம் ஏத்துற பிக்கப்பில் பாதிக்கு மேல குற்றவாளி. யாரும் நிறுத்தலையே? லாசா ரோட்டில் ஜேபிஜேவை, அதான் சாலைப் போக்குவரத்து இலாகாக்காரனை, கண்டு எத்தனை நாளாச்சு.

ரேம்ப் கிராணி எழுதியது:

நிறுத்தவில்லை என்பதும் சரி என்பதும் ஒன்றா அண்ணே? 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் கம்பத்து (கிராமத்து) ரோட்டுக்கும் சேர்த்துதான். சம்மன் வந்தால் கட்டிவிடலாம். விபத்தில் யாராவது போனால், என் திம்பாங் சீட்டே சாட்சியாக வரும், நேரமும் தேதியும் போட்டு.

ஜாலோங் ஃபோமன் எழுதியது:

ஸ்பிரிங் பேச்சு வந்ததால் நுழைகிறேன். பட்டறை வைத்திருக்கிறேன், மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது "ரெண்டு இலை சேர்த்துப் போடு" என்று வருவார்கள். போட்டுத் தருகிறேன், பிழைப்பு அது. ஆனால் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

இலை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாது. அவ்வளவுதான். அச்சு பழைய அச்சு, பேரிங் பழைய பேரிங், டிரம் பழைய டிரம், சேசிஸ் பழைய சேசிஸ். வேட்டியை இறுக்கிக் கட்டினால் இடுப்புக்குப் பலம் வந்துவிடுமா? முன்பு வண்டி தாழ்ந்து "போதும்" என்று சொல்லிக்காட்டும். இலை போட்டபிறகு அந்த எச்சரிக்கையும் போய்விடும், வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆள் இன்னும் ஏற்றுவார்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. பழைய மாடல் பிக்கப் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே, சேசிஸ் ஓரத்தில், ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், வால்வு பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். பின்பக்கம் உயர்ந்திருந்தால் "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இப்போது யோசியுங்கள். இலை சேர்த்து, ஒன்றரை டன் ஏற்றி, வண்டி நிமிர்ந்தே நிற்கிறது. வால்வுக்கு வண்டி காலி! முழுப் பாரத்தில் பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், முன் பிரேக் எல்லாவற்றையும் சுமக்கும். முன் டிஸ்க் நீலம் பாய்ந்து வரும் வண்டிகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். சிலர் அதைக் கழற்றி கயிறு கட்டி வைத்திருப்பார்கள். இலை போட்டால் அதையும் திருத்தி வைக்க வேண்டும். புது வண்டிகளில் பிரேக் பங்கீட்டைக் கணினி பார்த்துக்கொள்கிறது, அந்தத் தொல்லை இல்லை. மற்றதெல்லாம் அப்படியேதான்.

அப்புறம், ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போட்டு பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள் அல்லவா, அதில் பாரம் முழுவதும் சேசிஸில் ஒரே இடத்தில் விழும். இலை ஸ்பிரிங் இரண்டு முனையில் தாங்கும்படி செய்த சட்டம் அது. குழியில் விழும்போது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேசிஸ் மடங்கிய படங்களை ஆஸ்திரேலியாவில் பாலைவன ரோட்டில் போகிறவர்கள் போடுவார்கள், தேடிப் பாருங்கள்.

சிப்புட் இளவட்டம் எழுதியது:

அண்ணே, அந்த வால்வைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். வண்டி பார்க்கப் போகும்போது படுத்துப் பார்க்கிறேன்.

சரி, ஏற்றுவது 800 கிலோ சுற்றளவில்தான் என்று புரிந்தது. அப்படியென்றால் மிச்சத்தை டிரெய்லரில் போட்டு இழுத்துவிடலாமா? அதுதான் 3,500 இருக்கிறதே.

கணக்கு வாத்தியார் எழுதியது:

இங்கேதான் உங்கள் சித்தப்பா மகனின் நாலரை டன் கணக்கு உடைகிறது. ஏற்றும் எண்ணையும் இழுக்கும் எண்ணையும் கூட்டக் கூடாது. இரண்டும் ஒன்றை ஒன்று தின்னும்.

முதலாவது, டிரெய்லரின் மூக்கு வண்டியின் கொக்கியில் உட்காரும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் ஓடும்போது வாலாட்டும், வேகத்தில் வண்டியையே சுழற்றிவிடும். ஆக 3,500 கிலோ டிரெய்லர் என்றால் 350 கிலோ உங்கள் பிக்கப்பின் மேல். அது சரக்குக் கணக்கில் சேரும். மேலே சொன்ன 860இல் 350 போனது, மிச்சம் 510.

அதுவும் எங்கே இறங்குகிறது பாருங்கள். கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3.1 மீட்டர் என்று வையுங்கள். 350 கிலோவைக் கொக்கியில் வைத்தால் பின் அச்சில் ஏறுவது 350 இல்லை. 350 × 4.3 ÷ 3.1, அதாவது ஏறக்குறைய 485 கிலோ. அந்தக் கூடுதல் 135 எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்தில் இருந்து. முன்பக்கம் அந்த அளவு லேசாகிறது. ஸ்டீயரிங் பிடிக்காமல் மிதப்பது, ராத்திரியில் எதிரே வருகிறவன் விளக்கை அடித்துத் திட்டுவது எல்லாம் இதனால்தான். தட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு போட்டிருப்பதும் இதற்காகவே. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு மட்டும் தாண்டியிருக்கலாம். டிரெய்லர் இல்லாமலே குலையைப் பின்கதவைத் தாண்டி வால் பக்கம் குவித்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கு ஒரு தனி வரம்பு உண்டு. விற்பனையாளர் அதைச் சொல்லவே மாட்டார். கையேட்டில் தேடி எடுங்கள். 3,050 மொத்த எடையும் 5,850 கூட்டு எடையும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 3,500 கிலோ டிரெய்லர் மாட்டினால் வண்டிக்கு மிச்சம் 2,350. கிராணி அம்மா சொன்ன வண்டி ஓட்டுநரோடு 2,190. மிச்சம் 160. பக்கத்தில் 70 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் 90. அதாவது மூன்றரை டன் இழுக்கிற நாளில் பின்தொட்டியில் இரண்டு மூட்டை சிமெண்ட் வைக்க முடியாது!

மூன்றாவது, அந்த 3,500 பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்வது 750 கிலோ, இரும்பு எடையும் சேர்த்து. அங்கே இரண்டு டன்னுக்கு மேல் போனால் டிரெய்லரின் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கவும் வேண்டும். பட்டறையில் வெல்டிங் செய்து வாங்குகிற டிரெய்லரில் இதெல்லாம் இருக்குமா? ஆஸ்திரேலிய எண்ணை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலிய டிரெய்லரை விட்டுவிட்டால் எப்படி? நம் நாட்டில் டிரெய்லரை ரோட்டில் இழுக்க ஜேபிஜே என்ன கேட்கிறது என்பதை இரும்பு வாங்குவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.

ஹியூஸ்டன் மச்சான் எழுதியது:

சிப்புட்காரன்தான், இப்போது டெக்சாஸில். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். இங்கே வாட்ஸ்அப்பில் எங்கள் மாமா பிள்ளைகள் "உன் ஊர் பிக்கப் பதினெட்டு டன் இழுக்குமாமே" என்று கேட்பார்கள். இழுக்கும், ஆனால் எது, எப்படி என்று கேட்க வேண்டும்.

இங்கே கனரகம் என்று சொல்வது ஃபோர்டு எஃப்-250, 350, ராம் 2500, 3500, சில்வராடோ 2500எச்டி, 3500எச்டி போன்றவை. நம் ஊர் டபுள் கேப்பை அதன் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளை மாதிரி இருக்கும். 2023இல் ஃபோர்டு சொன்ன உச்ச எண்கள் இழுவைக்கு 40,000 பவுண்டு, சுமைக்கு 8,000 பவுண்டு. கிலோவில் 18,140, 3,630. வாத்தியார் சொன்னதேதான் இங்கேயும்: இரண்டு எண்ணும் ஒரே வண்டிக்குக் கிடையாது. இழுவை எண் எஃப்-450இல் ஒரு குறிப்பிட்ட வகைக்கு. அதுவும் பின்னால் பம்பர் கொக்கியில் இல்லை, தொட்டிக்கு நடுவில், பின் அச்சுக்கு மேலே பந்து வைத்து மாட்டும் கூஸ்நெக் டிரெய்லருக்கு. சுமை எண் வேறு வண்டிக்கு.

கூஸ்நெக், அதேபோல் தொட்டிக்குள் மாட்டும் ஐந்தாம் சக்கர மாட்டல் இரண்டிலும் மூக்கு எடை 15 முதல் 25 விழுக்காடு. அச்சுக்கு மேலே இறங்குவதால் முன்பக்கம் லேசாகாது, அது நல்லது. ஆனால் எடை பெரியது. இங்கே நிறைய பேர் விழும் குழி இதுதான்: டீசல் எஃப்-250, நாலு கதவு, எல்லா வசதியும். மொத்த எடை 10,000 பவுண்டுக்குள் பதிவு, ஏனென்றால் அதைத் தாண்டினால் தொழிலுக்கு ஓட்டும்போது கூட்டரசு விதிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். டீசல் எஞ்சினும் வசதிகளும் எடையைத் தின்றதில் கதவு ஸ்டிக்கரில் மிச்சம் 2,400 பவுண்டு, 1,090 கிலோ. இவர் போய் 14,000 பவுண்டு ஐந்தாம் சக்கர வீட்டு வண்டி வாங்குவார். இழுவை எண்ணைக் காட்டி "எவ்வளவு மிச்சம் பார்" என்பார் விற்பவர். மூக்கு எடை 20 விழுக்காடு என்றாலே 2,800 பவுண்டு. குடும்பம் ஏறுவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது. பெரும்பாலும் இழுக்கும் எண் முதலில் தீர்வதில்லை, தாங்கும் எண்தான் முதலில் தீரும்.

இங்கே கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். "ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது" என்று அந்த ஒரு வண்டிக்கான எண்ணைப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அதே மாடலில் எண் வேறாக இருக்கும், கூரைக் கண்ணாடி ஒன்று கூடியிருந்தாலும். நம் ஊரிலும் அப்படி ஒன்று ஒட்டினால் இந்த விவாதமே வேண்டாம்.

இன்னொன்று. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இழுவை எண்ணைச் சொன்னது. பிறகு ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை வந்தது, டொயோட்டாதான் முதலில் அதை ஏற்றுக்கொண்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 18 கிலோமீட்டர் ஏற்றம் ஒன்று இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு இணையான சோதனையில் 38 டிகிரி வெயிலில், ஏர்கண்டிஷனை முழுதாக வைத்து, டிரெய்லரோடு குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏற வேண்டும். நின்ற இடத்தில் இருந்து ஏற்றத்தில் கிளம்பிக் காட்ட வேண்டும், பிரேக் சோதனையும் உண்டு. வந்தபிறகு சில மாடல்களின் விளம்பர எண் சத்தமில்லாமல் இறங்கியது.

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

மச்சான் கதை நல்லாத்தான் இருக்கு. அரிசோனா எதுக்கு, நம்ம மெனோரா சுரங்கப் பாதை போதாதா? கோலகங்சாரில் இருந்து ஈப்போ பக்கம் பாரத்தோட இறங்கினவனுக்குத் தெரியும். எடைக் கணக்கு நீங்க பேசிக்கங்க, இறக்கத்துக்கு நான் சொல்றேன்.

பாரம் இருக்கும்போது பிரேக்கை நம்பி இறங்காதே தம்பி. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவியோ அந்த கியரிலேயே இறங்கு, மேட்டின் தலையிலேயே கியரைக் குறைச்சிடு. இறங்க ஆரம்பிச்ச பிறகு குறைக்கப் பார்த்தா கியர் விழாது. ஆட்டோ வண்டின்னா மேனுவல் பக்கம் தள்ளிக் குறை. பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே வராதே, ஒரு தரம் நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு விட்டுடு, மறுபடி ஏறினா மறுபடி அழுத்து. தேய்ச்சுக்கிட்டே வந்தா முதலில் கருகின வாசனை வரும், அப்புறம் பெடல் கெட்டியா இருக்கும் ஆனா வண்டி நிற்காது. இன்னும் சூடானா பிரேக் எண்ணெய் கொதிச்சு பெடல் பஞ்சா தரை வரைக்கும் போகும். சிம்பாங் பூலாயில் கேமரன் மலை இறங்குற காய்கறி லோரிக்காரனைக் கேட்டுப் பாரு, அவன் கால் பிரேக்கில் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம்.

லோரிக்கு எக்சாஸ்ட் பிரேக் இருக்கு, புகையை அடைச்சு எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிறது. உன் பிக்கப்புக்கு இல்லை. அதனால்தான் ஒரே எடையை லோரி இறக்கிடும், பிக்கப் இறக்காது. இதை நான் எப்பவும் சொல்றதுதான்.

கம்பம் காளை எழுதியது:

அண்ணே, அப்போ அந்த இரண்டு டன் பழம்?

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

அது சமதரை ரோடுடா. முப்பதில் போனேன்.

ஜாலோங் ஃபோமன் எழுதியது:

டயரை யாரும் தொடவில்லையே. பக்கவாட்டில் 265/60 ஆர்18 110 என்று எழுதியிருக்கும் இல்லையா, அந்தக் கடைசி 110 சுமைக் குறியீடு. 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ, 112 என்றால் 1,120, 100 என்றால் 800. பார்க்க அழகாக இருக்கிறது என்று குறைந்த குறியீட்டுள்ள கார் டயரை மாட்டி வரும் பிக்கப்கள் நிறைய. பின் இரண்டு டயரும் 800 என்றால் பின் அச்சில் 1,600க்கு மேல் ஏற்ற முடியாது, தட்டில் என்ன போட்டிருந்தாலும் சரி. பழைய வண்டி வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது இது. அமெரிக்காவில் கார் வகை டயரை பிக்கப்பில் போட்டால் அதன் தாங்கும் எடையை 1.1ஆல் வகுத்துக் குறைக்கச் சொல்கிறார்கள், நம் ஆட்கள் கூட்டிக்கொள்கிறார்கள்.

காற்று அளவும் காலி வண்டிக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று கதவு ஓரத்தில் போட்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் பையன் அடிப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்து அடியுங்கள். குறைந்த காற்றில் பாரம் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். வெடித்து வரும் டயரில் உள்பக்கம் கறுப்புப் பொடி உதிர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

சிப்புட் இளவட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். டிரெய்லர் யோசனையை விட்டுவிட்டோம். சித்தப்பா மகனுக்குக் கொஞ்சம் வருத்தம், வரைபடம் எல்லாம் போட்டுவிட்டான். பழைய டபுள் கேப்பைத் திம்பாங்கில் ஏற்றியதில் புல் பார், மூடி எல்லாம் சேர்ந்து கையேட்டைவிட 140 கிலோ கூடுதல். மூடியைக் கழற்றித் தந்தால் விலை பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சுற்றுப் பழத்துக்கு இரண்டு நடை. ரேம்ப் பதினைந்து நிமிடத் தூரம்தான், எண்ணெய்க் காசு பெரிதில்லை. அப்பாவோ சிங்கிள் கேப்பே வாங்கிவிட்டு ஈப்போவுக்குப் பேருந்தில் போகலாம் என்கிறார், அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.

ரேம்ப் கிராணி எழுதியது:

இரண்டு நடை வரும்போது இரண்டு சீட்டையும் வாங்கிக்கொள். எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிம அட்டையை வண்டியிலேயே வை, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓடாதே.

லிந்தாங் விவசாயி எழுதியது:

கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்குப் பழம் இல்லை, கீரைத் தோட்டம். வெயில் காலத்தில் பிக்கப்பில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொண்டுபோகிறோம். இரும்புக் கூண்டு போட்ட ஆயிரம் லிட்டர் வெள்ளைத் தொட்டி. அது நிறைத்தால் சரியாக ஒரு டன் அல்லவா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

தண்ணீர் மட்டும் 1,000 கிலோ. தொட்டியும் கூண்டும் அடிப்பலகையும் இன்னோர் 60 கிலோ. மேலே பார்த்த வண்டிக்கு வரம்பைத் தாண்டிவிட்டது. ஓட்டுநர் மட்டும் என்றால் 800 லிட்டர், இருவர் என்றால் 730 என்று வையுங்கள்.

ஆனால் குறைத்து ஊற்றினால் வேறு தொல்லை. பாதித் தொட்டித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கம் பாயும், பிரேக் பிடித்தால் முன்னால் மோதும். அந்த வெள்ளைத் தொட்டிக்குள் தடுப்பு எதுவும் கிடையாது. அடிக்கடி கொண்டுபோவதென்றால் 600 லிட்டர் அளவில் சின்னத் தொட்டியாக வாங்கி முழுக்க நிரப்புங்கள். தாழ்வானதாகப் பாருங்கள், கேபினை ஒட்டி முன்னால் தள்ளி வையுங்கள்.

ஜாலோங் ஃபோமன் எழுதியது:

கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், நனைந்தால் தளரும். ராச்செட் வார் (நெம்பி இறுக்கும் பட்டை) நாலு, தண்ணீர்த் தொட்டியின் மேல் குறுக்காக. பிக்கப்பின் தளத்தில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள், ஓரத் தகட்டில் மாட்டாதீர்கள், பிய்ந்து வரும்.